கூலிக் கணக்கு யார் கையில்?

(ஊராட்சி உறுப்பினர் முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



முத்துக் குளித்த காலத்து வழக்கம் ஒன்றை முதலில் நினைவூட்ட விரும்புகிறேன். தூத்துக்குடிச் சலாபம் 1961 ஆம் ஆண்டோடு நின்றுவிட்டது. அதற்கு வெகு காலம் முன்னர், நம் கரையின் பரதவர்கள் இலங்கைச் சலாபத்திற்கும் குளிக்கச் சென்றார்கள். அங்கே கரை சேர்ந்த சிப்பிகளைக் குளித்தவர்களே மூன்று குவியலாகப் பிரிப்பார்கள். சர்க்கார் அதிகாரி இரண்டைத் தேர்ந்தெடுப்பார். எஞ்சிய ஒன்று குளித்தவர்களுக்கு. மூன்றில் இரண்டு சர்க்காருக்கு என்பது நியாயந்தானா என்பது வேறு விஷயம். ஆனால் பங்கீடு பகலில், உழைத்தவன் கண்ணெதிரே நடந்தது.

இன்று நம் உப்பளங்களில் நிலை என்ன? பின்னிரவில் எழுந்து சென்று, வெயில் ஏறுமுன் பாத்தியில் உப்பை வாரி, தலைச்சுமையாக அம்பாரத்தில் சேர்க்கிறார்கள். கணக்கோ கங்காணியின் நோட்டில் இருக்கிறது. முழு நாள் அரை நாளாவதும், மழைக் காலத்தில் வாங்கிய முன்பணம் எத்தனை கழித்தாலும் தீராமலிருப்பதும் அந்த நோட்டிலேதான். மழைக்காலத்திற்கென அரசு ரூ.5,000 நிவாரணம் வழங்கும் திட்டம் 2022-இல் வந்தது. எனினும் முன்பணத்தின் பிடி முற்றும் தளர்ந்துவிடவில்லை.

ஊர்ப் பெயர் வேண்டாம். ஓர் உப்பளத்தில் சில பெண்களுக்கு மூன்று நாட் கூலி குறைந்தது. கேட்டபோது, "வேலைக்கு வரவில்லை" என்றார்கள். அவர்களுள் ஓர் அம்மாள், பால் கணக்குக் குறிக்கும் காலண்டரிலேயே தாம் வேலைக்குப் போன நாட்களுக்கும் புள்ளி வைத்திருந்தார். உடன் சென்றவர்கள் பெயரைக் கேட்டு, ஊராட்சி உறுப்பினர் ஒருவர் அதைத் தாளில் எழுதிக் கையொப்பமும் வாங்கினார். காலண்டரும் தாளும் போய்ச் சேர்ந்த மறுவாரமே பணம் வந்தது. சட்டம் தெரிந்தவர் எவரும் அப்போது உடனில்லை, நான் உள்பட.

சட்டமும் நம் பக்கமே உள்ளது. 2019 ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. அதன்படி தினக்கூலியை அன்றைய வேலை முடிவிலே கொடுத்தாக வேண்டும். முன்பணம் முதலிய எல்லாப் பிடித்தங்களும் சேர்ந்து கூலியில் பாதியைத் தாண்டலாகாது. கங்காணி கொடுக்கத் தவறினால், "அவனைக் கேள்" என்று உப்பள உரிமையாளர் கைவிரிக்க இயலாது. பொறுப்பு அவரையே சாரும். நிலுவைக்கு மூன்று ஆண்டுகளுக்குள் மனுச் செய்யலாம். பலருக்காக ஒரே மனு போதும். கூலியோடு பத்து மடங்கு வரை இழப்பீடும் விதிக்கலாம். கொடுத்ததை மெய்ப்பிக்கும் கடமை முதலாளியுடையது. அப்படியிருக்க நோட்டு எதற்கு என்பீர்கள். அவர் ஒரு நோட்டைக் காட்டும்போது நம்மிடமும் ஒன்று வேண்டாமா?

தனி ஒருவர் கேட்டால் மறுநாள் வேலை இராது என்ற அச்சம் பொய்யன்று. 1908 பிப்ரவரியில் கோரல் மில் தொழிலாளர்கள் கூலி உயர்வும் வார விடுமுறையும் கேட்டு வேலைநிறுத்தம் செய்தபோதும் இவ்வச்சம் இருந்தது. வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் துணை நின்றார்கள். ஊர் மக்கள் பொருளுதவி செய்தார்கள். மார்ச் தொடக்கத்தில் நிர்வாகம் இணங்கியது. ஊர் அவர்களுக்குப் பின்னால் நின்றதை மறக்கலாகாது.

ஒரு சங்கடமான கேள்வியையும் கேட்கிறேன். ஊராட்சிச் சாலைக்கும் வாய்க்காலுக்கும் ஒப்பந்தம் எடுப்பவர்கள் கூலியைத் தீர்த்துவிட்டார்களா என்று, பில்லில் கையெழுத்திடும்போது நம்மில் எத்தனை பேர் விசாரிக்கிறோம்? நான் பல முறை விசாரிக்காமலே கையெழுத்திட்டிருக்கிறேன். உழவர்களே, அறுப்புக்கு ஆள் வைக்கும் நமக்கும் அதே சட்டந்தான். பெண்ணாள் கூலியைக் குறைத்துக் கொடுப்பதை வழக்கம் என்று சொல்லித் தப்ப முடியாது.

மே 1 அன்று எல்லா ஊராட்சிகளிலும் கிராம சபை கூடுகிறது. அதற்குள் உப்பளத்துக்கும் விவசாயத்துக்கும் அரசு நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலியைத் தொழிலாளர் துறையிலிருந்து கேட்டு, அறிவிப்புப் பலகையில் எழுதுங்கள். அகவிலைப்படி ஆண்டுதோறும் ஏப்ரலில் மாறுவதால் சுண்ணக்கட்டியால் எழுதுவதே மேல். எழுதியதைச் சபையில் உரக்கப் படியுங்கள். கூலி பாக்கி உள்ளவர்களின் காலண்டரையும் நோட்டையும் கொண்டுவரச் சொல்லுங்கள். மனு எழுத ஒன்றிய அலுவலகத்திலிருந்து ஓர் எழுத்தரை அனுப்பி வைக்கிறேன்.