அயலூரில் நம் பிள்ளை, நம் வாசலில் அயலூர்ப் பிள்ளை

(நமது குடியிருப்போர் நலச்சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



தண்ணீர் லாரி, லிஃப்ட், பார்க்கிங் எல்லாம் பேசி முடித்துவிட்டோம். செயலாளர் எனக்குப் பத்து நிமிடம் தந்திருக்கிறார். பிள்ளையைப் படிக்கவோ வேலைக்கோ தூர தேசத்துக்கு அனுப்பிவிட்டு, ராத்திரி போனுக்காகக் காத்திருக்கும் வீடுகள் நம்மிடையே பல. "தனியா என்ன செய்யறானோ?" என்கிற அந்தக் கவலையைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

அமெரிக்காவில் யூட்டா மாநிலத்தைத் தலைமையிடமாகக் கொண்டது மார்மன் திருச்சபை. அங்கே 18, 19 வயதுப் பிள்ளைகள் ஊழியத்துக்குப் போவது வழக்கம். பையன்களுக்கு 2 ஆண்டு, பெண்களுக்கு ஒன்றரை ஆண்டு. எந்த ஊர் என்று முடிவு செய்வது சபைதான். சம்பளம் கிடையாது, சொந்தச் சேமிப்பிலும் வீட்டார் பணத்திலும்தான் போகிறார்கள். அவர்கள் மதத்தைப் பற்றி உங்களுக்கு ஒரு கருத்து இருக்கும், எனக்கு ஒன்று இருக்கும். அதை விட்டுவிடுவோம். பிள்ளையை அனுப்பும் ஏற்பாட்டை மட்டும் பாருங்கள்.

முதலாவது, நேரம். காலை ஆறரைக்கு எழுந்து, உடற்பயிற்சி, படிப்பு, பிறகு வெளியே கிளம்புவது, இரவு பத்தரைக்குப் படுக்கை என்பதுதான் பொதுவான ஒழுங்கு. வாரத்தில் ஒரு நாள் துணி துவைக்க, கடைக்குப் போக, ஊர் பார்க்க.

இரண்டாவது, துணை. ஒருவர் எப்போதும் தனியே போகக் கூடாது, எங்கும் ஜோடியாகத்தான். அந்தத் துணையைத் தேர்ந்தெடுக்கும் உரிமையும் இல்லை. பிடிக்காதவனோடும் ஒரே அறையில் அனுசரித்து வாழப் பழக வேண்டும்.

மூன்றாவது, மொழி. வேற்று மொழி பேசும் ஊருக்குப் போகிறவர்களுக்கு முதலில் சில வாரம் மொழிப் பயிற்சி.

நான்காவது, வீடு. முன்பெல்லாம் வாரம் ஒரு கடிதமோ மின்னஞ்சலோதான்; போன் வருடத்துக்கு இரண்டே முறை. 2019 முதல் வாரம் ஒருமுறை வீட்டாரோடு பேசலாம் என்று மாற்றினார்கள்.

மொழியை நான் சும்மா சொல்லவில்லை. இதே சபையிலிருந்து ரிச்சர்ட் பாலன்டைன் என்பவர் கூட்டாளிகளோடு 1853-ல் நம் சென்னைக்கே வந்திருக்கிறார். பெரும்பாலும் ஆங்கிலம் தெரிந்தவர்களிடம்தான் பேச முடிந்தது. அடுத்த ஆண்டே கிளம்பிவிட்டார்.

இன்னொருவர் நம் மாவட்டத்திலேயே இருந்தவர். எஸ்தர் ஃபேரிங் என்ற டென்மார்க் பெண், வேறொரு சபையான டேனிஷ் மிஷன் அனுப்பி 1916-ல் இந்தியா வந்தார். இன்று கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் இருக்கும் திருக்கோவிலூரில் பணி செய்தார். 1917-ல் காந்தியின் ஆசிரமத்துக்குப் போய் வந்தது அவர் வாழ்க்கையை மாற்றியது. மிஷனுக்கு அந்தப் பழக்கம் பிடிக்கவில்லை. காந்தி விடாமல் அவருக்குக் கடிதம் எழுதினார், மகளுக்கு எழுதுவதுபோல. அந்தக் கடிதங்கள் பின்னால் புத்தகமாகவே வந்தன. எஸ்தர் மிஷனை விட்டார், மேனன் என்ற இந்தியரை மணந்தார். கற்றுக்கொடுக்க வந்த பெண்ணை, கேட்டுப் பேச ஒரு பெரியவர் இருந்ததுதான் இந்த நாட்டோடு சேர்த்துக் கட்டியது என்று எனக்குத் தோன்றுகிறது.

பிள்ளையை அனுப்பும் பெற்றோருக்கு நான் சொல்வது இவ்வளவுதான். பெட்டியில் ஊறுகாய் வைப்பதோடு இந்த நாலையும் வையுங்கள்: ஒரு நேர ஒழுங்கு, ஒரு துணை, அந்த ஊர்ப் பேச்சில் நாலு வார்த்தை, வாரத்தில் ஒரு நிலையான போன். தினமும் பத்து தடவை கூப்பிட்டு விசாரணை நடத்துவதைவிட இது பலன் தரும்.

இப்போது நம் வாசலுக்கு வருகிறேன். அயலூர் என்றால் வெளிநாடு மட்டும்தானா? கல்வராயன் மலையிலிருந்து எத்தனை இளைஞர்கள் பிழைப்புக்காகக் கேரளாவுக்கும் கர்நாடகாவுக்கும் போகிறார்கள்! இங்கே கள்ளக்குறிச்சிக்கும் இறங்கி வருகிறார்கள். மலையாளி என்பது அவர்கள் இனத்தின் பெயர். பேசுவது நம் தமிழ். அது தெரியாமல் "கேரளாவா தம்பி?" என்று கேட்பவர்கள் இன்றும் உண்டு. வெள்ளிமலை இங்கிருந்து பஸ் போகும் ஊர்தான். ஆனாலும் அந்தப் பிள்ளைக்கு நம் கேட் ஒரு வெளிநாடுதான்.

நம் கேட்டில் நிற்கும் இளைஞர்களில் மலையிலிருந்து வந்தவரும் உண்டு, வடக்கிலிருந்து வந்தவரும் உண்டு. மார்மன் பையனுக்கு இருக்கும் அந்த நாலில் இவர்களுக்கு என்ன இருக்கிறது? பன்னிரண்டு மணி நேர டியூட்டி, தனி ஆளாக ராத்திரிக் காவல், வார விடுமுறை கிடையாது. வாரம் ஒரு நாள் விடுமுறை கொடுக்க மாற்று ஆள் போட்டால் பராமரிப்புக் கட்டணம் கொஞ்சம் கூடும். கூடட்டும் என்கிறேன். ராத்திரியில் இரண்டு பேராகப் போடலாமா என்பதையும் கணக்குப் பார்ப்போம். இவற்றை அடுத்த கூட்டத்தில் தீர்மானமாகக் கொண்டுவரும்படி செயலாளரைக் கேட்டுக்கொள்கிறேன்.

செலவில்லாத ஒன்றை இன்றே செய்யலாம். வெளியே போகும்போது "வாட்ச்மேன்" என்று கூப்பிடாமல் பெயரைக் கேளுங்கள், ஊரைக் கேளுங்கள், அம்மாவிடம் பேசினாயா என்று கேளுங்கள். நம் பிள்ளை இருக்கும் ஊரில் யாராவது ஒருவர் அவனிடம் இப்படிக் கேட்க மாட்டாரா என்றுதானே நாமும் ஏங்குகிறோம்?