தொடர் கோக்கும் எச்சங்கள்

(கொடைக்கானல் மலையூர் ஒன்றில் தொடக்கப்பள்ளி ஆசிரியரிடையே ஆற்றிய உரை)



நான்காம் வகுப்புச் சிறுமி ஒருத்தி தன் குறிப்பேட்டில், "அம்மா கிழங்கு தோண்டினாள். அம்மா கிழங்கைக் கழுவினாள். கிழங்கு வேகவில்லை" என்று எழுதியிருந்தாள். எழுத்துப்பிழை இல்லை. அவளை அருகழைத்து, "என்னம்மா நடந்தது?" என்றேன். "நேத்து அம்மா தோண்டிக் கழுவிப் போட்ட கிழங்கு வேகலைங்க ஐயா" என்றாள். வாயில் ஒரே தொடராய் வந்தது, தாளில் மூன்று துண்டாய் முறிந்தது ஏன்?

அவளுக்குத் தமிழ் தெரியாமலில்லை. அவள் தமிழை வகுப்பறை வாயிலிலேயே நாம் நிறுத்திவிடுகின்றோம். கீழ்வகுப்பில் குறுந்தொடரோடு அமைகின்றோம். மேல்வகுப்பிலோ ஆங்கில அமைப்பைப் பார்த்து, "எந்தக் கிழங்கை அம்மா தோண்டினாளோ, அந்தக் கிழங்கு" என எழுதப் பழக்குகின்றோம். இது தமிழின் இயல்பு நடையன்று.

ஆங்கிலத்தார் இணைப்புச்சொல் தேடுமிடத்து நமக்குப் பெயரெச்சம் ஒன்றே போதும். செய்யும், செய்த என்னும் இரு வாய்பாடுகளும் ஆறு பொருட்கும் ஒப்ப உரியன என்று தொல்காப்பியர் வினையியலில் வரையறுத்தார். தோண்டிய தாய், தோண்டிய மண்வெட்டி, தோண்டிய நிலம், தோண்டிய நாள், தோண்டிய தொழில், தோண்டிய கிழங்கு! எச்சம் ஒன்று, அது தழுவும் பொருள் ஆறு.

இவ்விலக்கணத்தைக் குழந்தைக்கு உருப்போடக் கொடுக்காதீர்கள், கோக்கக் கொடுங்கள். "குறிஞ்சி 12 ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும். அது 2018இல் பூத்தது." இவ்விரண்டையும் இணைக்கச் சொல்லுங்கள். "12 ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் குறிஞ்சி 2018இல் பூத்தது" என்பான் ஒருவன். "2018இல் பூத்த குறிஞ்சி 12 ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும்" என்பாள் மற்றொருத்தி. இரண்டும் சரியே. எச்சமாய் நின்றது துணைச்செய்தி, முற்றாய் முடிந்தது தலைமைச்செய்தி எனக் காட்டுங்கள். எதைத் தலைமையாக்குவது என்று குழந்தை எண்ணத் தொடங்கும்.

ஓர் எச்சரிக்கை. "ஊரிலிருந்து வந்த முருகனின் தம்பி" என்றால் வந்தவன் முருகனா, தம்பியா? ஐயம் எழுமிடத்துத் தொடரைப் பிரித்தெழுதவும் பழக்குக. கோக்கத் தெரிவதுபோலவே பிரிக்கத் தெரிவதும் மொழித்திறமே.

நாளைக் காலை முதல் குழந்தையைப் பேசவிடுங்கள், பேசியதையே எழுதவிடுங்கள். வீட்டில் பெற்ற தமிழை ஏட்டில் இழப்பவன், தன் மொழியே குறைமொழி என்று நம்பிவிடுவான். அப்பழி நம்மைச் சேராதிருக்கட்டும்.