கோழிகளின் ஜீரணமும் கால் வலுவும்



மார்த்தாண்டத்தில் 1920களில் ஒய்.எம்.சி.ஏ. கிராமப் புனருத்தாரண நிலையத்தை நடத்திய ஸ்பென்சர் ஹாட்ச் துரை, கோழி வளர்ப்பையும் முட்டைகளைக் கூட்டாக விற்பதையும் குடியானவர்களுக்குப் பழக்கிவைத்தார் என்பதை இப்பக்கத்தார் அறிவீர்கள். முட்டைக்காசு பெரும்பாலும் வீட்டுப் பெண்களின் கைக்காசு. கோழி கால் மடங்கிப் படுத்துவிட்டால் முதலில் நிற்பது அக்காசுதான். உடனே கடைக்கு ஓடி ஏதேனும் ஒரு பொடியை வாங்கிக் கலப்பதற்கு முன், தீனிச்சட்டியைப் பார்க்கும்படி வேண்டிக்கொள்கிறேன்.

ஜாவாத் தீவின் பட்டேவியாவில் 1890ஆம் ஆண்டையொட்டி, எய்க்மன் என்னும் டச்சு வைத்தியரின் கோழிகள் கால் சோர்ந்து விழுந்தன. இராணுவ ஆஸ்பத்திரியில் மிஞ்சிய வெள்ளைச் சோறே அவற்றின் ஆகாரம். புதிதாய் வந்த சமையற்காரர், பட்டாளத்துச் சோற்றைக் கோழிக்குத் தரமாட்டேனென்று மறுத்துவிட்டார். தீட்டாத அரிசி போடப்பட்டது. கோழிகள் எழுந்து நடந்தன! தீட்டும்போது தவிட்டோடு கழிந்துவிடும் தையமின் என்னும் ஜீவசத்தே காரணமென்று பின்னர் விளங்கிற்று. எய்க்மனுக்கு 1929இல் நோபல் பரிசு கிடைத்தது. அச்சத்துக் குறைந்தால் தீனியில் இச்சை குன்றும்; நரம்பு தளரும். நெல்லைப் புழுக்கும்போது அதில் ஒரு பங்கு அரிசிக்குள் இறங்கிவிடுவதால், நம் நாஞ்சில் நாட்டார் உண்ணும் புழுங்கலரிசியின் குருணை பச்சரிசிக் குருணையைவிடச் சிலாக்கியமானது.

ஆகவே சிக்குவாடை இல்லாத புதுத் தவிட்டை அளவோடு சேருங்கள். தவிட்டிலுள்ள பாஸ்பரஸில் பெரும்பகுதி கோழிக்கு எளிதில் ஜீரணமாகாத உருவில் இருக்கிறது. பெரிய பண்ணைகளில் பைடேஸ் என்னும் நொதியைத் தீனியில் கலப்பது அதனை விடுவிப்பதற்கே. வீட்டுக் கோழிக்கு முள்ளோடு இடித்த உப்பில்லாக் கருவாட்டுத் தூள் சிறிது போதும். உப்புக் கருவாடு ஆகாது, கழிச்சல் காணும்.

ஒரு முட்டையோட்டில் ஏறக்குறைய 2 கிராம் சுண்ணாம்புச் சத்து உண்டு. தீனியில் அது போதாவிட்டால் பெட்டை தன் எலும்பிலிருந்தே எடுத்துக் கொடுக்கும், கால் வலுவிழக்கும். முட்டையிடும் கோழிக்குக் கிளிஞ்சல் தூளைத் தனிச்சட்டியில் வையுங்கள். குஞ்சுகளுக்கு அது மிகுந்தால் சிறுநீரகம் கெடும். கிளிஞ்சல் கரைந்துபோவதால் கற்குடலில் தானியத்தை அரைக்க உதவாது. அதற்குப் பருமணல் வேண்டும். வெயில் படாத அடைப்பிலோ டி ஜீவசத்துக் குறைந்து, தின்ற சுண்ணாம்பும் எலும்பிற் சேராது.

பெயர் தெரியாத மருந்துப் பொடிகளை வாங்காதீர்கள். மனிதருக்கு வேறு மருந்து கேளாதபோது கொடுக்கப்படும் கோலிஸ்டினைக் கோழித்தீனியில் கலப்பதை இந்திய அரசாங்கம் 2019இல் தடைசெய்தது.

ஒரு காலை முன்னும் மற்றதைப் பின்னும் நீட்டிக் கிடக்கும் கோழிக்கு மட்டும் தவிடும் கிளிஞ்சலும் பயன்படா. அது மாரெக் என்னும் வைரஸ் நோயாக இருக்கலாம். அதற்குச் சிகிச்சை இல்லை. பொரித்த முதல்நாளே குஞ்சுக்கு ஊசி போடுவதுதான் தடுப்பு. அத்தகைய கோழியைப் பிரித்துவைத்துக் கால்நடை வைத்தியரிடம் காட்டுங்கள்.