மதகின் திருகு இறுகாமல் காப்போம்

(ஊராட்சி உறுப்பினர்களுக்கான பயிற்சி முகாமொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

ஏரியைப் பற்றிப் பேச வருவோர் தூர் எடுப்பதைப் பற்றியும், கரையைப் பலப்படுத்துவதைப் பற்றியும், வரத்துக் கால்வாயைப் பற்றியும் பேசுவது வழக்கம். அவை யாவும் இன்றியமையாதனவே. ஆயினும் இன்று நாங்கள் எடுத்துக்கொண்ட பொருள் மிகச் சிறியது. மதகின் மேல் நிற்கிறதே, ஷட்டரைத் தூக்கி இறக்கும் இரும்புத் திருகு, அதைப் பற்றித்தான் பேசப் போகிறோம். ஏரி நிறைய நீர் இருந்தும் இந்தத் திருகு இறுகிப் போனால் வயலுக்கு ஒரு சொட்டும் வாராது.

நாங்கள் நேரில் கண்ட ஒன்றைச் சொல்லுகிறோம். ஓர் ஊரில் கார்த்திகை மாதக் கடைசி. ஏரியில் முக்கால் பங்கு நீர் நின்றது. மழை விட்டுப் பத்து நாட்கள் ஆகியிருந்தன. நெற்பயிர் கதிர் வாங்கும் தறுவாய். மதகைத் திறக்கப் போனால் திருகு அசையவில்லை. அவ்வூரில் முன்பு நீர்க்கட்டியாக இருந்த பெரியவர் அமாவாசைதோறும் அதை எண்ணெயிட்டுச் சுழற்றி வந்தாராம். அவர் காலமான பின் இரண்டாண்டுகள் யாரும் அதைத் தொடவில்லை. ஊர் இளைஞர்கள் கைப்பிடியில் நீண்ட இரும்புக் குழாயைச் செருகி ஆறு பேராகத் தள்ளினார்கள். ‘படார்’ என்று ஓசை கேட்டது. மரையின் புரிகள் சிதைந்துவிட்டன. ஷட்டரோ இருந்த இடத்திலேயே இருந்தது. கரையை வெட்டிவிடலாம் என்று சிலர் சொன்னார்கள், பெரியவர்கள் தடுத்தார்கள். பின்னர் வாடகைக்கு டீசல் பம்புகளை வைத்துக் கரைமேல் நீரை ஏற்றி இறைத்தார்கள். தலைமடை பிழைத்தது, கடைமடை கருகியது. ஒரு டப்பா கிரீசும் மாதத்தில் ஒரு நாழிகை உழைப்பும் இருந்திருந்தால் அந்தக் கடைமடை விளைந்திருக்கும்.

திருகு ஏன் இறுகுகிறது?

பழங்காலத்துத் தூம்புகளில் துளையைக் கூம்பு வடிவக் கட்டையால் அடைத்து, கழியால் தூக்கித் திறந்தார்கள். துருப்பிடிக்க அதில் புரியில்லை. இன்றைய ஷட்டரில் புரியிட்ட இரும்புத் தண்டு உண்டு. மேடையிலுள்ள மரைக்குள் அது செல்கிறது. கைப்பிடியைச் சுழற்றினால் தண்டு ஏறும். அதன் அடியில் கோத்த பலகை, இருபுறக் காடிகளுக்கிடையே உயரும்.

இரும்பு துருவாகும்போது முன்னிலும் பன்மடங்கு இடத்தை அடைத்துக்கொள்கிறது. தண்டுக்கும் மரைக்கும் நடுவேயுள்ள மெல்லிய இடைவெளியில் துரு நிறைந்தால், ஆப்பு அடித்தது போல் அது இறுகிவிடும். பழைய கிரீசில் மண்தூசி படிந்து கட்டியாவது இரண்டாவது காரணம். காடியில் வண்டல் அடைந்து கெட்டியாவது மூன்றாவது. நீர் சிறிது கசிகிறதே என்று அளவுக்கு மீறி இறுக்கி மூடுவது நான்காவது. மேலே இழுக்கும்போது தண்டு நேராக நிற்கும். கீழே அழுத்தும்போதோ நீண்ட தண்டு வளைந்து கொடுக்கும். ஆகையால் மூடுகையில் செலுத்தும் மிகை பலமே பெருங்கேடு.

இந்நோய் மதகுக்கு மட்டும் உரியதன்று. கடலோடும் படகுகளில் நங்கூரம் தூக்கும் பொறியும், பயன்படுத்தாது விட்டால் இப்படியே இறுகிக் கொள்ளும். அசையாதிருப்பதே இரும்புக்கு நோய்.

இறுகியதை இளக்கும் முறை

முதற்கண் கோளாறு எங்கே என்று அறிதல் வேண்டும். கைப்பிடி மயிரிழையும் அசையாவிடில் பெரும்பாலும் மரையில் துரு. சிறிது அசைந்து, கையை விட்டதும் திரும்பி வந்தால், அடியில் பலகை பிடித்திருக்கிறது என்று கொள்ளலாம்.

மரையில் துரு என்றால், தண்டின் புரிகளைக் கம்பி பிரஷ் கொண்டு நன்றாகத் தேய்த்துப் பழைய கிரீசையும் மண்ணையும் அகற்றுங்கள். டீசலும் இயந்திர எண்ணெயும் சம அளவில் கலந்து, மரையின் மேல்வாயில் சொட்டுச் சொட்டாக விடுங்கள். அதில் நனைத்த துணியைச் சுற்றிக் கட்டி இரவு முழுதும் விட்டுவிடுங்கள். காலையில் மரையின் பக்கங்களில் மரக்கட்டையை வைத்து, அதன் மேல் சுத்தியால் மெதுவாகத் தட்டுங்கள். அந்த அதிர்வில் எண்ணெய் உள்ளே இறங்கும். வார்ப்பிரும்பை நேராக ஓங்கி அடித்தல் கூடாது. அது விரிசல் விடும்.

பின்பு கைப்பிடியைப் பிடித்து, திறக்கும் பக்கம் சிறிது, மூடும் பக்கம் மிகச் சிறிது என்று மாறி மாறி அசையுங்கள். கால் சுற்று அசைந்தாலும் வெற்றிதான். மறுபடியும் எண்ணெய் விட்டுக் காத்திருங்கள். இரண்டு நாள், மூன்று நாள் ஆனாலும் ஆகட்டும். குழாய் செருகிக் கைப்பிடியை இருமடங்கு நீட்டினால் திருகின்மேல் ஏறும் விசையும் இருமடங்காகும். திருகு அதற்கென்று செய்யப்பட்டதன்று.

திருகு இளகியதும் வேலை முடிந்தது என்று போய்விடாதீர்கள். டீசல் துருவை இளக்கும்; ஆனால் வழவழப்பைத் தங்கவிடாது. ஆகவே துடைத்துவிட்டு, நீரில் கரையாத கிரீசைப் புரிகளில் நிறையப் பூசுங்கள். சமையல் எண்ணெய் பூசினால் நாளடைவில் பிசினாகிப் பிடித்துக்கொள்ளும். லாரிகளில் வடித்த கழிவெண்ணெய் வேண்டாம்; கால்நடைகள் குடிக்கும் நீரில் அது கலக்கும்.

உயிருக்கு உறுதி

அடியில் பலகை பிடித்திருந்தால், ஏரியில் நீர் நிற்கும்போது எவரையும் மூழ்கிப் பார்க்க அனுப்பாதீர்கள். இதை நாங்கள் வற்புறுத்திச் சொல்லுகிறோம். இரண்டடிச் சதுரப் பலகையின் நடுப்பகுதிக்கு மேல் பத்தடி நீர் நின்றால், அப்பலகையின் மேல் அழுத்தும் பாரம் ஆயிரம் கிலோவுக்கு மேல். பலகை திடீரென்று சிறிது உயர்ந்தாலும் நீர் அந்தச் சந்தில் பாய்ந்து கையையோ காலையோ இழுத்துக்கொள்ளும். ஒரு போகம் போனால் மறுபோகம் உண்டு. போன உயிர் வாராது. மேலிருந்தே மெல்ல அசைத்துப் பார்ப்பதும், பொறியாளருக்குச் சொல்லி அனுப்புவதும், அதுவரை பம்பு வைத்து இறைப்பதுமே தக்க வழி.

ஊராட்சி செய்யத்தக்கவை

காடியைச் சுத்தம் செய்ய உகந்த காலம் ஏரி வற்றியிருக்கும் கோடை. மே 1 ஆம் நாள் கிராம சபையில் இதைப் பேசி முடிவு செய்யலாம். வண்டலை வாரி, காடியைத் தேய்த்து, பலகையை முழுதும் மேலே ஏற்றி முழுதும் கீழே இறக்கிப் பாருங்கள். சரியாக மூடிய நிலையில் மரையின் மேல்விளிம்புக்கு நேராகத் தண்டில் சிவப்புச் சாயத்தால் ஒரு கோடு இடுங்கள். மூடுகிறவர் அக்கோட்டோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். ஆகஸ்டு 15 ஆம் நாள் கிராம சபைக்கு முன் மறுமுறை பார்த்துவிட்டால், ஐப்பசி மழைக்கு மதகு ஆயத்தமாக இருக்கும்.

நீர் நிற்கும் மாதங்களில் அமாவாசைதோறும் இரண்டு மூன்று சுற்றுத் திறந்து, உடனே கோடு வரை மூடிவிடுங்கள். சிறிதளவே நீர் போகும். தண்டின் மேல் மழையும் புழுதியும் படாதபடி, ஒரு முனை அடைத்த பழைய பிளாஸ்டிக் குழாயைத் தொப்பியாகக் கவிழ்த்து வையுங்கள்.

எல்லாவற்றிலும் முக்கியமானது, இவ்வேலைக்கு ஓர் ஆள் வேண்டும். நீர்க்கட்டி என்றும், கம்புக்கட்டி என்றும், மடையர் என்றும் ஊருக்கு ஊர் பெயர் வேறுபடலாம். அவருக்கு ஊரார் அறுவடையில் அளந்த நெல் தானமன்று. மதகைக் காத்ததற்குக் கூலி. அந்த ஏற்பாடு அற்றுப்போன ஊர்களில் ஊராட்சியும் பாசன விவசாயிகளும் கூடி ஒருவரை அமர்த்துங்கள். அவருக்குரிய ஊதியத்தையும் முடிவு செய்யுங்கள். கைப்பிடி அவர் பொறுப்பில் இருக்கட்டும். சுழற்றிய நாளை ஒரு நோட்டில் குறித்துக் கையொப்பமிடட்டும்.

மற்றொன்றும் நினைவில் இருத்தல் நலம். 100 ஏக்கருக்குக் குறைந்த ஆயக்கட்டுள்ள ஏரிகள் ஊராட்சி ஒன்றியத்தைச் சேர்ந்தவை. அதற்கு மேற்பட்டவை பெரும்பாலும் நீர்வளத் துறையைச் சேர்ந்தவை. எண்ணெயிடுவதும் துடைப்பதும் ஊரார் செய்யலாம். மரையைக் கழற்றுவது, தண்டை மாற்றுவது போன்ற வேலைகளை உரிய பொறியாளருக்கு எழுத்து மூலம் தெரிவித்த பின்னரே செய்தல் வேண்டும். கோடையிலேயே எழுதுங்கள், கார்த்திகையில் எழுதிப் பயனில்லை.

அன்பர்களே! அடுத்த அமாவாசை தொலைவில் இல்லை. நீங்கள் ஊர் திரும்பியதும் உங்கள் ஏரிக்கரைக்குப் போய், மதகின் கைப்பிடியை ஒரு முறை அசைத்துப் பாருங்கள். அசைந்தால் கிரீஸ் பூசுங்கள். அசையாவிடில் இன்றே எண்ணெய் விடத் தொடங்குங்கள். கடைமடை விவசாயியின் நெல் அந்தத் திருகில்தான் இருக்கிறது.