கிணற்று நீரும் நீரிழிவும்

(நமது வாலிப சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



சைவ மக்கள் கூடிய இம்மன்றத்திலே சமயம் பேசாது கிணற்றைப் பற்றிப் பேச வந்தது ஏனோ என்று உங்களிற் சிலர் நினைத்தல் கூடும். திருவள்ளுவர் கடவுள் வாழ்த்தினை அடுத்து வைத்தது வான்சிறப்பினையே. ஆடி அமாவாசையன்று கீரிமலையில் மூழ்கித் தந்தையர்க்குச் செய்யுங் கடன் கழிக்கும் நாட்டினர் நாம். இறைவன் திருமேனிக்கு அபிடேகஞ் செய்வதும் கிணற்று நீராலேயே. ஆதலால் நீரின் தூய்மையைப் பேசுவது சமயத்துக்குப் புறம்பானதன்று.

நம் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. வழுக்கையாறும் மாரியில் ஓடிக் கோடையில் வறண்டு கிடப்பது. வானம் தரும் மழை செம்மண்ணூடாக இறங்கி, சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புக்களிலும் குகைகளிலும் தேங்குகிறது. அந்த நன்னீர் அடியிலுள்ள உவர்நீரின்மேல் மிதந்து நிற்கிறது. நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பது இதற்குக் கண்கூடான சான்று. இக்கல் நீரைச் சேமிக்கும்; ஆனால் வடிகட்டித் தராது. நிலத்தின்மேல் எதை இடுகின்றோமோ, எதை ஊற்றுகின்றோமோ, அது இன்றோ நாளையோ கிணற்றுக்கு வந்தே தீரும்.

சுன்னாகம் மின் நிலையத்தை அண்டிய கிணறுகளில் எண்ணெய் கலந்த செய்தி 2014ஆம் ஆண்டின் இறுதியிலும் 2015ஆம் ஆண்டிலும் நாட்டையே கலங்கச் செய்ததை நீவிர் மறந்திருக்கமாட்டீர்கள். வழக்கு உயர் நீதிமன்றம் வரை சென்றது. பாதிக்கப்பட்ட மக்களுக்காக, மின் உற்பத்தி செய்த கம்பனி 2 கோடி ரூபா செலுத்த வேண்டுமென 2019 ஏப்ரலிலே தீர்ப்பாயிற்று. மக்கள் அங்கே விழித்துக்கொண்டது எதனால்? எண்ணெய் கண்ணுக்குத் தெரிந்தது, மூக்குக்கு மணத்தது. கண்ணுக்கும் மூக்குக்கும் நாவுக்கும் அகப்படாத நஞ்சு கலந்தால் என் செய்வோம்? இதுவே இன்று நாம் சிந்திக்கவேண்டிய வினா.

அத்தகைய நஞ்சுகளுள் ஒன்று ஆசனிக்கு என்பது. நம் சித்த வைத்தியர்கள் வெள்ளைப் பாஷாணம், தாளகம், மனோசிலை என்று சொல்லும் பொருள்களில் இருப்பது இதுவே. சில நாடுகளில் மனிதர் கலக்காமலே மண்ணிலும் கல்லிலும் இருந்து இது நீரிற் கரைந்து வருகிறது. உலகச் சுகாதார நிறுவனம் குடிநீருக்கு வகுத்த எல்லை லீற்றருக்கு 10 மைக்குரோகிராம். அதாவது, ஒரு கிராமை நூறாயிரம் லீற்றரிற் கரைத்தால் எவ்வளவோ அவ்வளவே.

வங்காளத்தின் கதையைக் கேளுங்கள். குளத்து நீரைக் குடித்து வயிற்றோட்டத்தாற் குழந்தைகள் மடிகின்றனவே என்று இரங்கி, 1970ஆம் ஆண்டுகள் முதல் கிழக்கு வங்காளத்திலே இலட்சக்கணக்கான குழாய்க் கிணறுகளை இறக்கினார்கள். நோக்கம் நல்லதே. ஆயினும் ஆழத்து நீரில் ஆசனிக்கு இருக்கும் என்று எவரும் சோதித்துப் பார்க்கவில்லை. மேற்கு வங்காளத்தில் 1983 அளவிலும் வங்காளதேசத்தில் 1993இலும் உண்மை வெளிப்பட்டது. உள்ளங்கை தடித்து, தோலிற் புள்ளி விழுந்து, பலருக்குப் புற்றுநோயும் கண்டது. நஞ்சு கோடிக்கணக்கானோரின் குவளையில் இருந்தது. பின்னர் ஒவ்வொரு கிணறாகச் சோதித்து, தீய கிணற்றுக்குச் சிவப்பு நிறமும் நல்ல கிணற்றுக்குப் பச்சை நிறமும் பூசினார்கள். ஒரு வீட்டுக் கிணறு சிவப்பாக, அயல்வீட்டுக் கிணறு பச்சையாக இருந்ததும் உண்டு.

இனி, நீரிழிவுக்கு வருவோம். தாய்வான் நாட்டின் தென்மேற்குக் கரையில், ஆசனிக்கு மிகுந்த ஆழ்கிணற்று நீரை நெடுங்காலம் குடித்த கிராமத்தவரிடையே நீரிழிவு கூடுதலாக இருந்ததை 1994இல் ஆய்வாளர் எடுத்துக்காட்டினர். வங்காளதேசத்திலும் அவ்வாறே கண்டனர். இன்சுலினைச் சுரக்கும் சதையியின் கலங்களை இந்நஞ்சு தாக்குகிறது என்றும், இன்சுலின் சொல்வதை உடலின் கலங்கள் கேளாதபடி தடுக்கிறது என்றும் ஆய்வுகூடச் சோதனைகள் காட்டுகின்றன. அளவு மிகுந்தவிடத்துத் தொடர்பு வலிது. அளவு குறைந்தவிடத்து அறிஞரிடையே ஒருமித்த முடிபு இன்னும் இல்லை.

இதைச் சொல்லும்போதே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். சலரோகத்துக்குப் பழியைக் கிணற்றின்மேல் போட்டுவிட்டுத் தட்டு நிறையச் சோறும் தேநீர் நிறையச் சீனியுமாக இருந்துவிடலாகாது. உணவு, உடற்பருமன், நடையின்மை, பரம்பரை என்பனவே இன்றும் முதற் காரணங்கள். நீர் அவற்றோடு சேரக்கூடிய மற்றொன்று.

நம் கிணறுகளில் ஆசனிக்கு உண்டென்று பயமுறுத்த நாம் வரவில்லை. ஆனால் மன்னார்த் தீவின் மணற்பாங்கான நிலத்தில், ஆழங்குறைந்த நீரில் அது மிகுந்திருத்தலை 2018இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டிற்று. மன்னார் நமக்குத் தூரதேசமன்று. சோதித்தாலன்றி உண்டென்றும் இல்லையென்றும் சொல்லல் ஆகாது.

நம் கிணறுகளில் ஐயமின்றி உள்ள கேடு வேறு. அது நைத்திரேற்று. வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் புகையிலைக்கும் அள்ளியிடும் உரத்தினின்றும், வளவுக்கு வளவு தோண்டிய மலகூடக் குழியினின்றும் அது இறங்குகிறது. லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற எல்லையைத் தாண்டிய கிணறுகள் பல இங்கு இருப்பதை 1980ஆம் ஆண்டுகளிலேயே ஆய்வாளர் எழுதிவைத்தனர். இத்தகைய நீரிற் பால்மாக் கரைத்துக் கொடுத்தால் கைக்குழந்தையின் இரத்தம் உயிர்வாயுவைச் சுமக்கும் வலியிழந்து, உடல் நீலம் பாரிக்கும்.

தாய்மார்களே, ஒன்றை மறவாதீர்கள். கொதிக்கவைத்தால் கிருமி சாகும். ஆசனிக்கும் சாகாது, நைத்திரேற்றும் சாகாது. நீர் வற்ற வற்ற அவை செறிவதே உண்மை. துணியில் வடித்தாலும் போகா. கிணற்றைச் சோதிப்பதே வழி.

ஒருகாலத்தில் இந்நாட்டிலே கிணற்றைத் தொடலாகாது என்று சில மக்களைத் தள்ளிவைத்தார்கள். மனிதன் கை பட்டால் தீட்டு என்றவர்கள், அதே கிணற்றின் பக்கத்திலே மலக்குழி தோண்டியதைத் தீட்டென்று எண்ணவில்லை. உண்மையான தீட்டு எது என்பதை விஞ்ஞானம் இன்று காட்டுகிறது. நிலத்தின் கீழே வேலியும் இல்லை, சாதியும் இல்லை. ஒருவர் வளவில் இட்டது மற்றவர் வாளியில் வருகிறது.

வாலிப நண்பர்களே, உங்களுக்கு உரிய பணி இதோ இருக்கிறது. ஊரின் கிணறுகளைக் கணக்கெடுங்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகரை நாடி, நீரைச் சோதிப்பிக்க ஒழுங்கு செய்யுங்கள். வங்காளத்தவர் செய்ததுபோல், முடிவைக் கிணற்றுக் கட்டிலேயே சிவப்பாலும் பச்சையாலும் எழுதுங்கள். நல்ல கிணறு உடையவர் அயலவருக்குப் படலையைத் திறந்துவிடுங்கள். தோட்டக்காரருக்கு அளவறிந்து உரமிடும் முறையைச் சொல்லுங்கள். தூர்ந்த குளங்களைச் சிரமதானத்தால் வெட்டி ஆழமாக்குங்கள். மாரிநீர் கூட இறங்கினால் கேடு நீர்த்துப்போகும். கூரைநீரைத் தொட்டியிற் சேருங்கள். நாற்பதைக் கடந்த பெரியோரை அழைத்துச் சென்று இரத்தத்திற் சீனி பார்ப்பியுங்கள்.

2024இல் தாளையடியிலே கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது நல்லதே. எனினும் குழாய் வந்துவிட்டதென்று கிணற்றைக் கைவிடுவோமாயின், தோட்டமும் கோயிலும் வருங்காலப் பிள்ளைகளும் எதை நம்புவது? கிணறு பாட்டன் நமக்கு வைத்துப்போன முதுசம். முதுசத்தைக் கெடாமற் காத்துப் பேரனிடம் ஒப்படைப்பதே அறம். அவ்வறத்தை இச்சங்கம் முன்னின்று செய்ய எல்லாம்வல்ல இறைவன் திருவருள் புரிவானாக.