முழங்காலும் கண்ணும் மாத்திரை டப்பாவும்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"வேதியியல் வேண்டாம்ப்பா, எல்லாருக்கும் உபயோகமா ஏதாவது சொல்லு" என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். எங்கள் செட் ஆட்களைப் பார்த்தால் தலைப்புக்குப் பஞ்சமே இல்லை. மாடிப்படியில் கைப்பிடியைத் தேடுகிறார்கள். அழைப்பிதழைக் கை எட்டும் மட்டும் தள்ளி வைத்துப் படிக்கிறார்கள். ஆகவே மூட்டுக்கும் கண்ணுக்கும் என்று நாம் வாங்கி விழுங்கும் சத்து மாத்திரைகளைப் பற்றிப் பேசுகிறேன். முப்பது ஆண்டுகளாக மருந்துக் கடை நடத்துகிறவன் நான். இந்த டப்பாக்களை விற்பதில் எனக்கு லாபம் உண்டு என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அதை மனதில் வைத்துக்கொண்டே கேளுங்கள்.

முதலில் முழங்கால். மூட்டில் எலும்பு முனைகளின் மேல் வழவழப்பான குருத்தெலும்பு போர்த்தியிருக்கிறது. அதற்கு ரத்தக் குழாய் கிடையாது. மூட்டுக்குள் இருக்கும் திரவத்திலிருந்துதான் அதற்குச் சாப்பாடு. காலை ஊன்றும்போது அழுந்தி, எடுக்கும்போது விரிந்து, பஞ்சு தண்ணீரை உறிஞ்சுவதுபோல அந்தத் திரவத்தை அது உறிஞ்சிக்கொள்கிறது. நடக்காத மூட்டு பட்டினி கிடக்கும் மூட்டு. வயது ஏற ஏற, எடையும் ஏற ஏற, இந்தப் போர்வை நைந்துபோகிறது. நாம் 'தேய்மானம்' என்று சொல்வது இதைத்தான்.

குருத்தெலும்பில் இருக்கும் சரக்குகளோடு தொடர்புடையவை குளுக்கோசமின், காண்ட்ராய்ட்டின் என்ற இரண்டு பொருள்கள். தேய்ந்துபோனதை வாய் வழியாகக் கொடுத்தால் போய்ச் சேர்ந்துவிடும் என்பது இந்த மாத்திரைகளின் தத்துவம். முழங்கால் வலிக்கு ஆட்டுக்கால் சூப் வைத்துக் கொடுத்த நம் பாட்டிமார்களின் தத்துவமும் இதுவேதான்! கொல்லிமலைக்குப் போனால் முடவாட்டுக்கால் கிழங்கு சூப் கிடைக்கும். வீட்டிலேயே முடக்கத்தான் தோசை இருக்கிறது. முடக்கை அறுப்பது என்று பெயரிலேயே உறுதிமொழி எழுதி வைத்திருக்கிறார்கள். ருசிக்காகத் தாராளமாகச் சாப்பிடுங்கள். நான் சாப்பிடுகிறேன்.

மாத்திரை விஷயத்தை அமெரிக்காவில் அரசுப் பணத்தில் சோதித்தார்கள். முழங்கால் தேய்மானம் உள்ள 1583 பேரிடம் 24 வாரம் நடந்த ஆய்வு. 2006ஆம் ஆண்டு 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் முடிவு வந்தது. சிலருக்குக் குளுக்கோசமின், சிலருக்குக் காண்ட்ராய்ட்டின், சிலருக்கு இரண்டும், சிலருக்குச் செலிகாக்சிப் என்ற வலி மருந்து, சிலருக்கு ஒன்றுமே இல்லாத வெற்று மாத்திரை. யாருக்கு எது என்று அவர்களுக்கே தெரியாது. இரண்டும் சேர்ந்த மாத்திரை சாப்பிட்டவர்களில் நூற்றுக்கு 67 பேருக்கு வலி நன்றாகக் குறைந்தது. ஆகா என்று சொல்லாதீர்கள், பொறுங்கள். வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 60 பேருக்குக் குறைந்தது! வலி மருந்துக்கு 70. அந்த 60க்கும் 67க்கும் உள்ள இடைவெளி தற்செயலாகவும் வரக்கூடியது என்பதுதான் கணக்கின் தீர்ப்பு. வலி கடுமையாக இருந்த ஒரு சிறு பிரிவினரிடம் மட்டும் பலன் கூடுதலாகத் தெரிந்தது; பிரிவு சிறியது என்பதால் அதை வைத்து முடிவு கட்ட ஆய்வாளர்களே முன்வரவில்லை.

"எனக்குக் கேட்குதுப்பா, நீ என்ன சொன்னா என்ன" என்று என்னிடம் சண்டைக்கு வருகிறவர்கள் உண்டு. அந்த 60 பேருக்கும் கேட்கத்தான் செய்தது. வலி தானாகவே ஏறும், இறங்கும். ஏறியபோது மாத்திரை வாங்குகிறோம், இறங்கியபோது மாத்திரைக்கு மாலை போடுகிறோம். விருப்பப்பட்டால் மூன்று மாதம் சாப்பிட்டுப் பாருங்கள், வித்தியாசம் இல்லையென்றால் நிறுத்திவிடுங்கள் என்றுதான் கடையில் சொல்வேன். ஆனால் இரண்டு எச்சரிக்கை. ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் குளுக்கோசமினைத் தொடக்கூடாது. ரத்தக் கசிவு ஆபத்து கூடும். அடுத்தது, குளுக்கோசமின் பெரும்பாலும் இறால், நண்டு ஓட்டிலிருந்து எடுக்கப்படுகிறது. காண்ட்ராய்ட்டின் மாடு, பன்றி, சுறா இவற்றின் குருத்தெலும்பிலிருந்து வருகிறது. வெங்காயம்கூடச் சேர்க்காத வீடுகளில் இந்த டப்பா பூஜை அலமாரிக்குப் பக்கத்திலேயே இருப்பதைப் பார்த்திருக்கிறேன். சோளத்திலிருந்து தயாராகும் சைவக் குளுக்கோசமினும் உண்டு. பச்சைக் குறி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

காசில்லாத வைத்தியம் ஒன்று இருக்கிறது. உடம்பில் ஒரு கிலோ குறைந்தால், நடக்கும் ஒவ்வொரு அடியிலும் முழங்கால் மேல் விழும் பாரம் நான்கு கிலோ குறைகிறது என்று அளந்து சொல்லியிருக்கிறார்கள். நாற்காலியில் உட்கார்ந்து ஒரு காலை நேராக நீட்டி, பத்து எண்ணும்வரை நிறுத்தி இறக்குங்கள். தொடைத் தசை பலப்பட்டால் முழங்காலுக்கு அது துணை நிற்கும்.

எல்லா மூட்டு வலியும் தேய்மானம் அல்ல. காலையில் எழுந்தால் விரல்கள் ஒரு மணி நேரத்துக்கு மேல் விறைத்துக் கிடக்கின்றன, இரண்டு கையிலும் சிறு மூட்டுகள் வீங்குகின்றன என்றால் அது முடக்குவாதமாக இருக்கலாம். அதற்கு இன்று நல்ல மருந்துகள் உண்டு. சீக்கிரம் ஆரம்பித்தால் மூட்டு கோணாமல் காப்பாற்றலாம். டப்பாவை நம்பிக் காத்திருக்கக் கூடாத நோய் அது.

அந்த நோய்க்கு அப்படி மருந்து இல்லாத காலத்தில் அகப்பட்டவர் டாக்டர் கோ. வெங்கடசாமி. ராணுவ மருத்துவராக இருந்தவர் முடக்குவாதத்தால் 1948இல் வெளியே வர நேர்ந்தது. விரல்கள் கோணிப்போயின. அந்த விரல்களுக்குக் கத்தி பிடிக்கப் பழக்கிக்கொண்டு கண் அறுவையில் இறங்கினார். தம் கையாலேயே ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட அறுவைகள் செய்தார். 58 வயதில் அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்று, 1976இல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். மூட்டையும் கண்ணையும் ஒரே மூச்சில் பேசும்போது அவரை நினைக்காமல் இருக்க முடியவில்லை.

இனி கண்ணுக்கு வருவோம். 'வயசாயிடுச்சு, கண்ணு மங்குது' என்று ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடுகிறோம். அதற்குள் நான்கைந்து நோய்கள் ஒளிந்திருக்கின்றன. நாற்பதைத் தாண்டியதும் வரும் வெள்ளெழுத்து, பாட்டிமார் மொழியில் சாளேஸ்வரம், நோயே அல்ல. கண்ணாடி போட்டால் தீர்ந்தது. கண்புரைக்கு எந்த மாத்திரையும் கிடையாது. அறுவை செய்து லென்ஸ் வைப்பதுதான் வழி. சர்க்கரையால் விழித்திரை கெடுவது இன்னொன்று.

கண்ணுக்கான சத்து மாத்திரை உண்மையிலேயே உதவுவது ஒரே ஒரு நோயில், அதிலும் ஒரு கட்டத்தில். விழித்திரையின் நடுப்பகுதியான மாக்குலா முதுமையில் சிதையும் நோய் அது. அமெரிக்காவின் தேசியக் கண் நிறுவனம் 2001இல் முடிவு சொன்னது. நோய் நடுக்கட்டத்துக்கு வந்தவர்கள், ஒரு கண்ணில் முற்றியவர்கள், இவர்களில் வெற்று மாத்திரை சாப்பிட்டவர்கள் நூறு பேரில் 28 பேருக்கு ஐந்து ஆண்டில் நோய் முற்றியது. வைட்டமின் சி, வைட்டமின் ஈ, பீட்டா கரோட்டின், துத்தநாகம், தாமிரம் சேர்ந்த மாத்திரை சாப்பிட்டவர்களில் 20 பேருக்கு. எட்டுப் பேர் தப்பியது சின்ன விஷயமல்ல. ஆனால் அதே மாத்திரை ஆரம்பக் கட்டத்தில் பலன் தரவில்லை, கண்புரையையும் தடுக்கவில்லை. இழந்த பார்வையை அது மீட்டுத் தருவதும் இல்லை.

புகை பிடிப்பவர்கள் கவனிக்க வேண்டிய சேதி ஒன்று. பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்களுக்குப் பீட்டா கரோட்டின் கொடுத்துப் பார்த்ததில் நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை, கூடியது என்று 1994இல் தெரிந்தது. 2013இல் வந்த இரண்டாவது கண் ஆய்வு பீட்டா கரோட்டினை எடுத்துவிட்டு லூட்டின் 10 மில்லிகிராம், சியாசாந்தின் 2 மில்லிகிராம் போடலாம் என்றது. பீடியோ சிகரெட்டோ பழக்கம் இருந்தவர்கள், விட்டுப் பல வருஷம் ஆனாலும், டப்பாவின் பின்பக்கம் பீட்டா கரோட்டின் இருக்கிறதா என்று பாருங்கள்.

எங்கள் விடுதி நண்பர் ஒருவர். அவர் சம்மதத்தோடு சொல்கிறேன், பெயர் வேண்டாம். அமெரிக்காவில் இருக்கும் மகன் வரும்போதெல்லாம் பெரிய பெரிய டப்பாவாகக் கண் மாத்திரை கொண்டுவருவார். நண்பருக்குப் பெருமை. "கண் டாக்டர்கிட்டப் போனியாடா?" என்று கேட்டால், "எனக்கெதுக்குடா? அமெரிக்க மாத்திரை போட்டுக்கிட்டிருக்கேன்" என்பார். மூன்று ஆண்டு போனது. பிறகு இடது பக்கம் கதவு நிலையில் இடித்துக்கொள்ள ஆரம்பித்தார். ஸ்கூட்டரில் போகும்போது ஓரத்தில் வருகிறவர்கள் தெரியவில்லை. கண் அழுத்த நோய், கிளாக்கோமா. வலி இல்லாமல் பக்கப் பார்வையைத் தின்றுகொண்டே போயிருக்கிறது. சொட்டு மருந்து மிச்சத்தைக் காப்பாற்றுகிறது, போனது போனதுதான். அந்த டப்பாவில் விஷம் எதுவும் இல்லை. அது கொடுத்த நிம்மதிதான் மூன்று வருஷத்தைச் சாப்பிட்டுவிட்டது.

அமெரிக்க டப்பா என்ற மயக்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1994இல் அங்கே வந்த சட்டப்படி சத்து மாத்திரைகளை அரசின் முன் ஒப்புதல் இல்லாமலே விற்கலாம். நோயைக் குணமாக்கும் பொருளல்ல என்று டப்பாவிலேயே சிறிய எழுத்தில் இருக்கும். சாளேஸ்வரம் வந்தவர்களுக்குத் தெரியாத அளவு சிறியது. நம் நாட்டில் 2016ஆம் ஆண்டு விதிகளின்படி இவை உணவு வகை. 'மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல' என்று அச்சிட வேண்டும். உணவுக் கணக்கில் வருவதால் மருந்துக்கு இருக்கும் விலை உச்சவரம்பும் இவற்றுக்கு இல்லை. கடைக்காரர்கள் ஏன் இவற்றைக் கண்ணில் படும் இடத்தில் அடுக்குகிறோம் என்று இப்போது புரிந்திருக்கும்.

லூட்டின் நம் கீரைகளில் இருக்கிறது. முட்டை மஞ்சள் கருவிலும் உண்டு. எண்ணெயில் கரையும் பொருள் என்பதால் முருங்கைக் கீரையைத் தேங்காய் போட்டு, கொஞ்சம் எண்ணெய் விட்டு வதக்குவது சரியான பக்குவம். வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் மட்டும் கீரையைத் திடீரென்று கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்.

மாணவர்களே, ஆன்லைனில் அப்பா அம்மாவுக்கு இதையெல்லாம் ஆர்டர் போடுவது நீங்கள்தான். அடுத்த டப்பாவுக்கு முன்னால் அவர்களை ஒரு தடவை கண் டாக்டரிடம் அழைத்துப் போங்கள். கண்ணில் சொட்டு விட்டு, பாப்பாவை விரித்து, அழுத்தமும் பார்த்து அனுப்பச் சொல்லுங்கள். கண்ணாடிக் கடைப் பரிசோதனை போதாது. இன்று இரவே வீட்டில் ஒன்று செய்யலாம். ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஜன்னல் கம்பிகளைப் பார்க்கச் சொல்லுங்கள், பிறகு மறு கண்ணால். கம்பி எங்காவது வளைந்தோ, நடுவில் அழிந்தோ தெரிந்தால் மறுநாளே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

பையில் மாத்திரை டப்பா வைத்திருக்கும் நண்பர்கள் சாப்பாட்டுக்குப் பிறகு வேப்ப மரத்தடிக்கு வாருங்கள். பூதக்கண்ணாடி கொண்டுவந்திருக்கிறேன், லேபிளைச் சேர்ந்தே படிப்போம்.