துவக்குக்கும் கம்பிக்கும் இடையே

ஆய்வாளர்களே, மாணவர்களே, பின்வரிசையில் அமர்ந்திருக்கும் கலகெதரத் தோட்டக்காரர்களே!

தலையையும் கொம்பையும் வெற்றிச் சின்னமாக எடுத்துப்போகும் ட்ரொபி வேட்டையால் காட்டுயிர் காக்கப்படுமா என்று கேட்கக் கூடியிருக்கிறோம். இந்த மண்ணுக்கு அது பழைய கேள்வி. பதுளையில் உதவி அரசாங்க அதிபராக இருந்த மேஜர் ரோஜர்ஸ் 1,400 யானைகளுக்கு மேல் சுட்டதாகச் சொல்வார்கள். 1845இல் அப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார். யானைகளின் சாபம் என்று இன்றும் பேசுகிறார்கள். எனக்கு அந்தக் கதையில் ஆறுதல் இல்லை. அன்றைய பிரித்தானிய அரசே யானையைக் கொல்லச் சன்மானம் கொடுத்தது. 1848க்கு முந்திய மூன்று ஆண்டுகளுக்குள் வடமாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் சுமார் 3,500 யானைகளுக்கு அந்தப் பணம் வழங்கப்பட்டதை அந்த அரசின் அதிகாரி எமர்சன் டெனன்ட் பதிந்திருக்கிறார்.

விலங்குகள் அருகியபோது பதறியவர்களும் வேட்டைக்காரர்களே. 1894இல் அவர்கள் தொடங்கிய சங்கம்தான் இன்றைய வனசீவராசிகள், இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் வேர். 1900இல் யால காப்பிடமானதற்குப் பின்னால் அவர்கள் உழைப்பு இருக்கிறது. இதை மறைப்பது நேர்மையாகாது. ஆனால் யாலவை ஒட்டி, வேட்டைப் பிரியர்களுக்கென்றே ஒரு பகுதியும் ஒதுக்கப்பட்டது. அனுமதிப் பத்திரத்தோடு துவக்கெடுத்தவர் கனவான். கறிக்குக் கண்ணி வைத்த கிராமத்தான் திருடன். அந்தக் கோடு நம் மனத்தில் இன்னும் அழியவில்லை.

2015இல் சிம்பாப்வேயில் ட்ரொபி வேட்டையில் செசில் என்ற சிங்கம் கொல்லப்பட்டபோது உலகமே கொதித்தது. அந்தக் கோபம் எனக்கும் இருந்தது. சிங்கங்களுக்கு நடுவே மாடு மேய்ப்பவர்களின் குரல் அதில் எத்தனை பேர் காதில் விழுந்தது? நமீபியா 1996இல் காட்டுயிர் மீதான உரிமையையும் வருமானத்தையும் கிராம அமைப்புகளுக்குக் கொடுத்தது. பாகிஸ்தானின் வடக்கு மலைகளில் மார்க்கோர் ஆட்டை வேட்டையாடக் கட்டும் பணத்தில் 80 வீதம் ஊருக்குப் போகிறது. அங்கே அந்த ஆட்டைக் காத்தது துவக்கு என்று நான் நம்பவில்லை. விலங்கு உயிரோடு இருந்தால் தனக்கு நன்மை என்று ஊர் கண்டுகொண்டது, அதுதான் காத்தது. பணம் ஊருக்கு வராத இடத்தில் சுவரில் ஒரு தலை தொங்கும், அவ்வளவுதான்.

இலங்கைக்கு அந்த வேட்டை வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. பொழுதுபோக்குக்காக உயிரெடுப்பதை நம் மக்களின் மனம் ஏற்காது. ஆனால் அப்படிச் சொல்லிவிட்டுக் கைகழுவ நமக்கு உரிமையில்லை. துவக்கு இல்லாமலும் இங்கே விலங்கு சாகிறது. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் ஒரு கருஞ்சிறுத்தை சுருக்குக் கம்பியில் மாட்டி, சில நாட்களில் இறந்தது. மலைநாட்டில் அந்தக் கம்பியைப் பெரும்பாலும் பன்றிக்குத்தான் கட்டுகிறார்கள்.

பன்றி மட்டுமல்ல, இந்தக் கலகெதரப் பக்கத்தில் குரங்கும் மர அணிலும் குரும்பையிலேயே தேங்காயை முடித்துவிடுகின்றன. ஒரு இலட்சம் குரங்குகளைச் சீனாவுக்கு அனுப்பும் யோசனை 2023இல் எழுந்து அடங்கியது. 2025 மார்ச் 15ஆம் திகதி நாடெங்கும் ஐந்து நிமிடம் நின்று குரங்கையும் மர அணிலையும் எண்ணினோம். எண்ணியவர்களில் இங்கே இருப்பவர்களும் உண்டு. போன தேங்காய்க்கு யார் பொறுப்பு என்று மட்டும் அவர்களிடம் எவரும் சொல்லவில்லை.

ஆகவே நிகழ்ச்சி நிரலில் ஒரு மாற்றம் கேட்கிறேன். முதல் ஆய்வுக் கட்டுரை அரை மணி நேரம் பொறுக்கட்டும். பின்வரிசையில் இருப்பவர்களே, முன்னே வந்து பேசுங்கள்.